வெறும் வண்டியில் வைத்த ஹேண்ட் பிரேக்

நூகு என்ற பெயரை நான் முதலில் கேட்டது எழுபத்திநாலாம் வருஷம், ஒரு காலை நேரத்தில். எங்கள் வீட்டுக்கும் என் ராத்தா வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு வாசல் உண்டு. காயல்பட்டினத்தில் உம்மா வீட்டை மகள்மாருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது அப்படி ஒரு வழி விட்டுவைப்பார்கள். கூடப்பிறந்த அக்கா அந்த வாசலில் வந்து நின்றுகொண்டு, “ஜன்னத்துக்கு ஒரு எடம் வந்திருக்கு. மாப்பிள்ளை பேரு நூகு. குவைத்துல வண்டிப் பட்டறையில வேலை” என்றாள். நான் சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நூகு நபி கப்பல் கட்டுனாஹ. இவஹ லாரி கட்டுதாஹளாக்கும்” என்றேன்.

உள்ளே ஜன்னத் சிரித்தது கேட்டது. ஜன்னத்துல் பிர்தௌஸ் என்பது அவள் முழுப்பெயர், ராத்தாவுக்கு ஒரே மகள். அவள் சிரித்துவிட்டதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நூகுவின் வாப்பா அசன் முகம்மது கொழும்பில் ஜவுளிக்கடையில் நின்று அங்கேயே மவுத்தாகி அடக்கமானவர். கூடப்பிறந்த பெண் யாரும் கிடையாது. உம்மாவுக்கு இருந்த சின்ன வீட்டை மகனுடைய குவைத் விசாவுக்காக விற்றுவிட்டார்கள். அந்த உம்மாவும் கல்யாணத்துக்கு மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் வீடு என்பது பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் நூகு என் ராத்தா வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வீடு, வேறு இல்லை.

வீடு என்றுதான் பேர். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறினால் அதிகம். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. எழுபத்தாறில் மகள் ருக்சானா பிறந்தபோது வரவில்லை. என் ராத்தாவும் மச்சானும் அடுத்தடுத்து மவுத்தானபோது வரவில்லை. எண்பத்தெட்டில் ஜன்னத் மஞ்சள் காமாலையில் ஒன்பது நாள் கிடந்து போனாள். தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, அவர் வந்து இறங்கியது நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முதல் நாள். ருக்சானாவுக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவைக் கண்டதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் போய் நின்றாள். அவர் பெட்டியைத் திறந்து மூன்று சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவானவை.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை வந்து எல்லோரையும் போல அவரும் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பையும் அதில் நாலு ஸ்பேனரும்தான். அந்த வீட்டில் தெருவாசலை ஒட்டி ஒரு முன்னறை உண்டு. அதில் படுத்துக்கொண்டார். ருக்சானா என் வீட்டில்தான் தூங்குவாள், உம்மாவைப் பார்த்து அவளும் என்னைச் சாச்சி என்றே கூப்பிடுவாள். காலையில் நடுவாசல் வழியாகப் போய் வாப்பாவுக்குத் தேயிலை வைத்துவிட்டு வந்துவிடுவாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தார்கள். விருந்தாளியிடம் இருப்பதுபோல.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் ருக்சானாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆமிர், பக்கத்துத் தெரு, நல்ல பையன். வழக்கப்படி அவன் ராத்தா வீட்டுக்கு வந்தான். மாடியறை அவர்களுக்கு. கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் நூகு என்னிடம் வந்து, “சாச்சி, நான் ஆத்தூருக்குப் போறேன். பாலத்துப் பக்கம் ஒரு கொட்டகை கிடைச்சிருக்கு. அங்கனயே தங்கிக்கிடுவேன்” என்றார்.

“எதுக்கு மாப்பிள்ளை? முன்னறை இருக்கே.”

“புது மாப்பிள்ளை வந்த வீடு. நான் வாசல்ல படுத்துக் கிடந்தா அந்தப் பையன் மாடியில இருந்து இறங்கி வரவே கூசுவான்.”

போகாதீர்கள் என்று ருக்சானா ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் இரண்டு நாள் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை. மனசில்லாமல் இல்லை. வாப்பாவிடம் அப்படியெல்லாம் பேசிப் பழக்கம் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆறு பெருகி வந்ததே, அதற்குப் பிறகுதான் நூகுவின் கொட்டகைக்கு ஆள் வர ஆரம்பித்தது. வாழைத்தோட்டத்துக்குப் போகிற பாதையெல்லாம் மணல் மேடு போட்டுவிட்டது. மினி லாரிகள் வயிறு தட்டி நின்றன. குவைத்தில் மணலில் ஓடுகிற வண்டிகளை எப்படி உயர்த்துவார்கள் என்பது நூகுவுக்குக் கைவந்த வேலை. அச்சுக்கும் வில் பட்டைக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்கு இரும்புக் கட்டை வைத்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். வண்டி அந்த அளவுக்கு எழும்பி நின்றது. ஏரல், முக்காணி, ஸ்ரீவைகுண்டம் என்று எங்கிருந்தும் வந்தார்கள்.

ஆனால் வண்டியை உயர்த்தினால் வேறொரு தொந்தரவு வரும். ஹேண்ட் பிரேக் கேபிள் வண்டியின் உடம்பிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிறது. உடம்பு மேலே போனால் கேபிள் எட்டாமல் இழுத்துக்கொள்ளும். பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே ஓடும். ஆத்தூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அருமைநாயகம் அண்ணாச்சிதான் முதலில் சத்தம் போட்டவர். எங்கள் வீட்டுக்கு வாழைத்தார் கொண்டுவரும்போதெல்லாம் நூகு பேச்சைத்தான் பேசுவார். இருவரும் பேசிக்கொண்டதை அவரே நடித்துக் காட்டுவார்.

“வே குவைத்துக்காரரே, வண்டியத் தூக்கிக் குடுத்தீரு, சந்தோசம். இப்ப சக்கரம் சூடாகி தோசை சுடலாம் போல இருக்கு!”

“கேபிளையும் சேத்துப் பாக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி. நீருதான் காய் பழுத்துரும்னு வண்டிய எடுத்துட்டு ஓடினீரு.”

“பழுத்துட்டா நீரா வாங்கித் திம்பீரு?”

மற்ற பட்டறைக்காரர்கள் கேபிளைக் கழற்றிச் சுருட்டி உள்ளே கட்டிவிட்டு, டிரைவர் கையில் ஒரு கல்லைக் கொடுத்துவிடுவார்கள். ஆற்றுச் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. இன்னும் சிலர் நட்டைத் தளர்த்தி விடுவார்கள். அப்போது வெறும் வண்டி நன்றாக ஓடும். சுமை ஏற்றினால் வண்டி அமுங்கும், கேபிள் தொங்கிப்போகும், பிரேக் பிடிக்காது. நூகு மட்டும்தான் முறையாகச் செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் முற்றத்துக் கொடிக்கயிற்றைக் காட்டி எனக்கு விளக்கினார்.

“இந்தக் கயிறு கிடைமட்டமா இருக்குல்லா சாச்சி. ஆணிய ரெண்டு விரல் ஏத்தினாலும் எறக்கினாலும் கயிறு பெரிசா இழுக்காது, தொங்காது. அதே கயிறு ஆணியில இருந்து நேரா கீழ தொங்கினா, ரெண்டு விரல் ஏத்தினா ரெண்டு விரல் இழுத்துரும். அதனால நான் கேபிள மாத்த மாட்டேன். கேபிளப் பிடிக்கிற கிளாம்பைத் தாழ எறக்கிக் கிடைமட்டமா ஆக்கிருவேன். அப்புறம் லோடு ஏத்தி நிறுத்தி, கீழ படுத்து, நட்டை முறுக்கி அளவு வைப்பேன். வெறும் வண்டியில வைக்கவே மாட்டேன்.”

வெள்ளிக்கிழமைதான் அவர் வருவார். ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே வந்து முன்னறையில் உட்காருவார். ருக்சானா தேயிலையும் வாடாப் பலகாரமும் வைப்பாள். “நல்லா இருக்கியா?” என்பார். “இருக்கேன் வாப்பா” என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. பிறகு என்னிடம் வந்து அரைமணி நேரம் கேபிள் கதையெல்லாம் சொல்வார். மகளிடம் சொல்ல நினைத்து வந்ததையும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். கொட்டகையில் அவரே பொங்கித் தின்றார். அக்கம்பக்கம் வீடு கிடையாது. ஒருமுறை நாலு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார், ஐந்தாம் நாள் லாரி கொண்டுபோன ஆள் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் ருக்சானா உண்டானாள். ஐந்தாம் மாதம் நடுவாசலில் வந்து நின்று, “சாச்சி, வாப்பா இங்கயே வந்து இருக்கட்டுமே. முன்னறை சும்மாத்தான கிடக்கு. பிள்ளைக்காவது அவஹ முகம் பழகட்டும்” என்றாள்.

“ஆமிர் என்ன சொல்லுதான்?”

“அவஹதான் முதல்ல சொன்னது.”

அந்த வெள்ளிக்கிழமை நான்தான் நூகுவிடம் சொன்னேன். அவர் தேயிலைக் குவளையைக் கீழே வைத்தார். “பிள்ளை எப்ப வரச் சொல்லுது?” என்று கேட்டார். கூப்பிட்டதை நம்பமுடியாத மாதிரி இன்னொரு தடவை கேட்டார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வருவதாகப் பேச்சு. அடுத்த வாரமே தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்துவிட்டுப் போனார். ஆமிர் அந்த அறைக்கு வெள்ளையடித்து ஒரு கட்டில் வாங்கிப் போட்டான்.

இதற்கிடையில் ஆமிர் ஒரு மினி லாரி வாங்கியிருந்தான். பழைய வண்டி. யாரோ உயர்த்தி, கேபிளைச் சரியாகப் பார்க்காமல் விட்டது. சக்கரம் பிடித்தது. மாமனார் இருக்க வேறு பட்டறைக்குப் போவதா என்று ஆத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனான். எங்கள் பக்கம் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் பேசமாட்டார்கள். அவர் வந்தால் இவன் எழுந்து நிற்பான். இவன் வந்தால் அவரும் எழுந்துவிடுவார். கொட்டகையில் என்ன நடந்தது என்பதை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். அவனைப் பார்த்ததும் நூகு வண்டிக்கு அடியிலிருந்து அவசரமாக வெளியே வந்து கைலியை உதறிக்கொண்டு, உட்கார இடம் தேடியிருக்கிறார். ஒரு டயர்தான் இருந்தது. அதைத் துடைத்து, “உக்காருங்க மாப்பிள்ளை” என்றாராம். அவன் உட்காரவில்லை. மாமனார் கீழே மண்ணில் மல்லாந்து படுக்க, தான் மேலே நின்று பார்ப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“சீக்கிரம் போகணும் மாமா” என்று சொல்லியிருக்கிறான்.

அது வெறும் வண்டி. வேறு யாராக இருந்தாலும் நூகு, “போய் லோடு ஏத்திட்டு வாரும்” என்று திருப்பி அனுப்பியிருப்பார். மருமகனை எப்படி அனுப்புவது? கிளாம்பை இறக்க அரை நாள் ஆகும். அதுவரை அவனை வெயிலில் நிற்க வைப்பதா? நட்டை மட்டும் தளர்த்திச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து, “சாச்சி, மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க. அடுத்த வாரம் லோடோட ஒரு தடவ வண்டியக் கொண்டு வரட்டும். அன்னைக்கு நான் பாதி வேலைதான் பாத்தேன்” என்றார்.

நான் சொன்னேன். மறந்தேன் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது. ஆமிர் தலையை ஆட்டினான், போகவில்லை. பத்து நாள் கழித்து ருக்சானா வந்து சொன்னாள்: “லோடு ஏத்தினா பிரேக் சுத்தமாப் பிடிக்கலயாம் சாச்சி. இவஹ கல்லு வச்சுத்தான் நிறுத்துதாஹ.”

“உங்க வாப்பாட்ட போவச் சொல்லு.”

“மாமாவை மறுபடியும் கீழ படுக்க வைக்க எனக்குக் கூசுதுன்னு சொல்லுதாஹ. வேலை சரியில்லன்னு நானே போய்ச் சொல்லவான்னு கேக்காஹ.”

“அப்ப நீ வாப்பாட்ட சொல்லு.”

“நான் எப்படிச் சொல்ல? இப்பத்தான் வரச் சொல்லியிருக்கோம். வாரதுக்கு முன்னயே குத்தம் சொல்லவா? நீங்களும் ஒண்ணும் சொல்லிராதீங்க சாச்சி.”

நானும் சரி என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நூகு வந்து, “மாப்பிள்ளை வண்டி எப்படி ஓடுது?” என்று கேட்டார். பின்னால் ருக்சானா நின்றாள். “நல்லா ஓடுது” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து விரிப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார். பெருநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

நோன்பு இருபத்திரண்டு அன்று காலை பத்து மணிக்கு அருமைநாயகம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஆத்தூர் ஆற்றுச் சரிவில் ஆமிர் நூற்றைம்பது தார் ஏற்றி வண்டியை நிறுத்தியிருக்கிறான். முன்தினம் பெய்த மழையில் மண் இளகிக் கிடந்தது. முட்டுக் கொடுத்த கல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்ததும் இவன் இன்னொரு கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் போடப் போயிருக்கிறான். வலது கால் பாதம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. வண்டி கொஞ்சதூரம் இறங்கித் தண்ணீரில் நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நூகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் வரவில்லை. வெளியே வராந்தாவில் நோன்போடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்க நான் கொண்டுபோய்க் கொடுத்த பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டார். ருக்சானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒருமுறை நின்று, “வாப்பா, உள்ள வந்து பாருங்களேன்” என்றாள். அவர் எழுந்தார், கதவு வரை போனார். கட்டிலில் இருந்த ஆமிர் அந்தக் காலோடு எழுந்து உட்காரப் பார்த்தான், மாமனார் வருகிறார் என்று. அதைப் பார்த்ததும் நூகு திரும்பிவிட்டார்.

நாலாம் நாள் அவர் போய் வண்டியை ஆற்றிலிருந்து இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தார்கள் அப்படியே இருந்தன. அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். நடுவாசல் சாத்தியிருந்தது, நான் மட்டும்தான்.

“கேபிள் தொட்டில் கயிறு மாதிரி தொங்குது சாச்சி. வண்டி உருண்ட அன்னைக்கு வந்த கோளாறு இல்ல, நான் தளத்துன நாள்ல இருந்தே லோடுக்குப் பிடிச்சிருக்காது. வண்டிக்குள்ள தேய்ஞ்ச கல்லு ரெண்டு கிடக்கு. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுதான் இருக்கு.” பிறகு, “ருக்சானாவுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

“உங்களுக்கு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “எனக்கும் தெரியும் மாப்பிள்ளை. நீங்க மனசு வருத்தப்படுவீங்கன்னு…”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராவோடு ராவா வந்து பாத்திருப்பேனே சாச்சி. அருமைநாயகம் அண்ணாச்சி நடுரோட்டுல நின்னு என்னை வையுதாரு, நான் வாங்கிக்கிடுதேன்லா. என் பிள்ளைக்கு என்னை ஒரு வார்த்தை வைய முடியலயே. வேத்து ஆளுக்குத்தான இப்படி மரியாதை குடுப்பாஹ?”

பிறகு அவரே, “நானும் மாப்பிள்ளைய அன்னைக்கு லோடு ஏத்திட்டு வாரும்னு சொல்லலயே” என்றார்.

பெருநாளைக்கு மூன்று நாள் முன்னால் அந்த வண்டியை முடித்தார். கிளாம்பை இறக்கி, புதுக் கேபிள் மாட்டி, ஆற்று மணலை மூட்டை மூட்டையாக ஏற்றி, அதே சரிவில் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்ததாக அண்ணாச்சி வந்து சொன்னார். ஒரு பகல் முழுவதும் அது அசையாமல் நின்றதாம். நூகுவும் பக்கத்திலேயே நின்றாராம். அந்த வண்டியை ஆமிர் பிறகு ஓட்டவேயில்லை, விற்றுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆமிரைப் பெருநாள் அன்று கொண்டுவந்தோம். மாடிப்படி ஏற முடியாது. முன்னறையில், அந்தக் கட்டிலில்தான் படுக்கவைத்தோம். வேறு வழியில்லை, யாரும் அதை யோசித்துக்கூடச் செய்யவில்லை. டிரங்குப் பெட்டி நடுவில் இடைஞ்சலாக இருந்தது என்று ருக்சானா அதைத் தூக்கி என் வீட்டுக்குள் வைத்தாள். மத்தியானம் நூகு பெருநாள் உடுப்போடு வந்தார். அறையை வாசலிலிருந்து பார்த்தார். ஆமிர், “மாமா, மாடியில நீங்க இருந்துக்கிடலாமே” என்றான். ருக்சானாவும் “ஆமா வாப்பா” என்றாள். மாடியறை கல்யாணமான தம்பதிக்கு உரியது, அதில் மாமனார் படுப்பது எந்த வீட்டிலும் கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “பாப்போம்” என்றார். பிரியாணி சாப்பிட்டார். போகும்போது என் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

“எதுக்கு மாப்பிள்ளை, இங்கன கிடக்கட்டுமே?”

“சட்டை எல்லாம் இதுலதான் இருக்கு சாச்சி” என்றார்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. ஜன்னத்துல் பிர்தௌஸ் என்றே பேர் வைத்தார்கள். நூகு வந்து காதில் பாங்கு சொல்லிவிட்டு அன்றே திரும்பினார். அதற்குள் ஆத்தூர் கொட்டகையை விட்டிருந்தார். அந்த ஆற்றுச் சரிவு வழியாகத்தான் தினமும் தண்ணீருக்குப் போகவேண்டும், அதனால்தான் விட்டார் என்று அண்ணாச்சி சொன்னார். தென்பக்கம் செம்மண் தேரி மணலில் ஓடுகிற வண்டிகளுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு இரண்டு பெருநாளைக்கு மட்டும். ஆமிர் இப்போது பஜாரில் செருப்புக்கடை வைத்து உட்கார்ந்திருக்கிறான். ருக்சானா வாப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள், எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். சுகம் விசாரித்திருப்பாள், பிள்ளை நடக்கிறது என்று எழுதியிருப்பாள். “வாங்க, இங்கயே இருங்க” என்று எழுது என்று நான் சொல்வேன். “எந்த அறைக்குச் சாச்சி?” என்பாள்.

என் வீட்டில் இடம் இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்தேன். மனைவியின் சாச்சி வீட்டில் வந்து இருப்பதை ஊர் என்ன சொல்லும் என்று மறுத்துவிட்டார். ஐம்பது வயது தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல் என்று கேள்வி.

நூகு இப்போது திசையன்விளையில், உவரி போகிற ரோட்டில், ஒரு டிராக்டர் பட்டறையின் பின்னறையில் தனியாக இருக்கிறார்.